சப்பிரகமுவாவின் துவக்கும் அதன் உறுப்புக்களும்

துப்பாக்கி ஒன்று பழுதுற்றால் அதனைச் செப்பஞ் செய்வதற்குரிய உறுப்பு எங்கிருந்து வருகின்றது என்னும் வினா, போர் வரலாறு எழுதுவோரால் பெரிதுங் கருதப்படாத ஒன்றாகும். படையெடுப்புக்களையும் கோட்டைகளையும் தளபதிகளையும் பற்றி நூல்கள் பல உள. சிறியதொரு வில் முறிந்தமையாற் பயனற்றுச் சுவரிற் சாத்தப்பட்ட துப்பாக்கிகளைப் பற்றி அந்நூல்கள் பேசுவதில்லை. ஆயினும், ஒரு நாட்டின் படைக்கலம் உண்மையில் யாருடைய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது என்பதை அறிய விரும்புவோர்க்கு இவ்வினாவிலும் சிறந்த திறவுகோல் கிடைப்பதரிது. கேகாலை, இரத்தினபுரி என்னும் இரு மாவட்டங்களையும் தன்னகத்தே கொண்ட சப்பிரகமுவா மாகாணம் இதனை ஆராய்தற்கு ஏற்ற களமாகும். தாமே துவக்குச் செய்த கொல்லரும், கடல் கடந்து வந்த றைபிள் தாங்கிய தோட்டத் துரைமாரும், எத்துப்பாக்கியையுந் தமதெனக் கொள்ளாத தமிழ்த் தொழிலாளரும் ஒருவர்பின் ஒருவராகவும் ஒருவரோடொருவராகவும் வாழ்ந்த நிலம் அது.

சொல்லிலிருந்து தொடங்குதல் தகும். ஈழத்துத் தமிழர் பேச்சில் வழங்கும் துவக்கு என்பதும், எழுத்தில் வழங்கும் துப்பாக்கி என்பதும் துருக்கி மொழிச் சொல்லொன்றின் வழி வந்தவை. சிங்களத்திலும் அது துவக்குவ என்றே வழங்கும். கண்டியரசிற் சுடுபடை தாங்கிய பிரிவினர் ‘வெடிக்கார லேகம்’ எனப்பட்டனர். வெடிக்காரர் என்னுஞ் சொல் தமிழ் என்பதை விளக்க வேண்டுவதில்லை. முக்காலியில் ஏற்றிச் சுடப்படும் சிறு பீரங்கியை உடைய பிரிவு ‘கொடித்துவக்கு லேகம்’ எனப்பட்டது. அப்பெயர் இன்றுஞ் சிங்களக் குடும்பப் பெயராக நிலவுகின்றது. ஆயுதத்தின் பெயர்கள் இங்ஙனம் மொழியெல்லை கடந்து திரிந்தமை, அதனைச் செய்யுங் கலையும் அவ்வாறே திரிந்தது என்பதற்குச் சான்றாகும்.

போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தது 1505ஆம் ஆண்டளவில். அடுத்த சில தலைமுறைக்குள்ளேயே இந்நாட்டுக் கொல்லர் துப்பாக்கி செய்வதில் வல்லுநராயினர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிற் கீழைத்தேயங்களைப் பற்றி எழுதிய ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன், சிங்களக் கம்மாளர் செய்த துப்பாக்கிக் குழல்களின் அழகினை வியந்து குறிப்பிட்டுள்ளார். அவர் செய்த துவக்கு வெறும் போலியன்று. ஐரோப்பியத் துப்பாக்கியிற் குதிரையும் பொறியும் கட்டையின் வலப்புறத்தே இருக்க, சிங்களத் துவக்கில் அவை இடப்புறத்தே அமைந்தன. பொறியை இயக்கும் பெரிய வில் வெளியே தெரியுமாறு பொருத்தப்பட்டது. தோளில் அணையும் அடிக்கட்டை இரண்டாகப் பிளவுபட்டுச் செதுக்குவேலைப்பாட்டுடன் விளங்கியது. தந்தத்தகடும் வெள்ளிப் பூவேலையும் பெற்ற இத்துவக்குகளைக் காண்போர், அவற்றை முதலிற் கலைப்பொருளாகவே கருதுவர்.

இக்கலைக்கு வேண்டிய இரும்பு தொலைவிலிருந்து வர வேண்டியிருக்கவில்லை. பலாங்கொடைக்குத் தெற்கேயுள்ள மலைச்சரிவுகள் பழைமையான இரும்புருக்கு நிலமாகும். சமனலவெவ நீர்த்தேக்கம் அமைக்கப்பட்ட காலத்தில் அப்பகுதியை ஆராய்ந்த தொல்லியலறிஞர் கில் யூலெவ், தென்மேல் பருவக்காற்றின் விசையாலேயே இயங்கிய உலைகள் பலவற்றைக் கண்டார். அத்தகைய உலையொன்றை 1994இல் மீளக் கட்டி இரும்புருக்கியுங் காட்டினார். கி.பி. ஏழாம் நூற்றாண்டு முதற் பதினோராம் நூற்றாண்டு வரை அவை சிறப்புற்றிருந்தன என்பது அவர் முடிபு. துவக்கு தோன்றுதற்கு முன்னரே அவ்வகை உலைகள் அவிந்துவிட்டன என்பது உண்மையே. எனினும் துருத்தி கொண்டு ஊதும் சிற்றுலைகள் அவ்வட்டாரத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை முற்றாக மறையவில்லை. சப்பிரகமுவாவின் கொல்லன் தன் மலையின் இரும்பைத் தானே அறிந்தவன்.

அக்கொல்லன் தொழில் செய்த முறையை இங்கு சற்று நின்று நோக்க வேண்டும். குழலை அவன் தட்டித் திரட்டினான். வில்லை அடித்துத் துவைச்சலிட்டான். திருகாணியின் புரியை அரத்தால் அராவினான். ஒரு துவக்கின் குதிரை மற்றொரு துவக்கிற்குப் பொருந்தாது. ஒரே கொல்லன் ஒரே மாதத்திற் செய்த இரண்டிற்குமே பொருந்தாது. ஆகவே, உறுப்பு முறிந்தவிடத்து அதனை ‘மாற்றுதல்’ என்பது அங்கில்லை. மீண்டுஞ் செய்தலே உண்டு. துவக்கைக் கொல்லனிடங் கொண்டுசென்றால், அவன் பழைய துண்டை அளவாக வைத்துப் புதியதை அராவி, அத்துவக்கிற்கே உரியதாக ஆக்கித் தருவான். இராசகாரிய முறைப்படி அவனுக்கு நிலம் இருந்தது. அந்நிலத்தை உண்டு, அதற்கீடாக அரசனுக்கும் திசாவைக்குந் தொழில் செய்தான். படைக்கலத்தின் ஆயுள் ஊர்ப்பட்டறையின் ஆயுளோடு இணைந்திருந்தது.

இக்கலை எத்துணை மேனிலையடைந்தது என்பதற்கு லெவுக்கே திசாவையின் பீரங்கியே போதிய சான்று. இன்றைய கேகாலை மாவட்டத்தை உள்ளடக்கிய சத்தர கோறளையின் திசாவையாக இருந்த லெவுக்கே, 1745ஆம் ஆண்டளவிற் கண்டி மன்னனுக்கு அதனைக் காணிக்கையாக வழங்கினார் என்பர். பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த அச்சிறு பீரங்கியை 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையிலிருந்து கவர்ந்து சென்றனர். ஆம்ஸ்ரடாமிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்த அது, 2023 டிசம்பரில் இலங்கைக்கு மீண்டது. கவர்ந்த பொருளைத் திருப்பிக் கொடுத்தல் இயலும். அதனைச் செய்த பட்டறையை எவருந் திருப்பிக் கொடுத்தல் இயலாது.

சப்பிரகமுவாவின் திசாவையான எகலப்பொலை 1814இல் மன்னனுக்கெதிராகக் கிளர்ந்து, பின் ஆங்கிலேயர் பக்கஞ் சார்ந்தார். 1815இற் கண்டி வீழ்ந்தது. 1817இல் எழுந்த பெருங்கிளர்ச்சி அடக்கப்பட்டபின் மலைநாட்டார் கையிலிருந்த துவக்குகள் திரட்டப்பட்டன. ஆயினும் துவக்குக் கொல்லனை வீழ்த்தியது அவ்வடக்குமுறை மட்டுமன்று. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டமை மக்களுக்கு விடுதலையளித்த நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அரசனுக்குத் தொழில் செய்து நிலமுண்ட கம்மாளனுக்கு அரசனுமில்லை, ஏவுவாருமில்லை என்றாயிற்று. அதே நூற்றாண்டில் இங்கிலாந்தின் மலிந்த இரும்பு துறைமுகம் வழியே வந்து குவிந்தது. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் தலைவராக விளங்கியபோது, பலாங்கொடையை அடுத்த ஊர்களில் இரும்புருக்கு முறையையும் எஃகு செய்யும் முறையையும் நேரிற் கண்டு எழுதினார். அவருடைய ‘இடைக்காலச் சிங்களக் கலை’ 1908இல் வெளிவந்தது. பாறைகளை ஆராயச் சென்ற அறிஞர், பாறையினும் விரைவில் மறையும் கைவினைஞரைக் கண்டு பதிவு செய்து வைத்தமை நம்மவரின் நற்பேறு.

இதற்கிடையே, ஆறாயிரம் மைல்களுக்கப்பால், துப்பாக்கியின் இயல்பையே மாற்றிய ஒரு புரட்சி நிகழ்ந்தது. இலண்டனுக்கு வடக்கேயுள்ள என்பீல்ட் என்னுமிடத்தில் இருந்த அரச துப்பாக்கித் தொழிற்சாலை, 1850ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அமெரிக்கப் பொறிகளைக் கொண்டு புதுக்கப்பட்டது. அங்குச் செய்யப்பட்ட 1853ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கியின் உறுப்புக்கள் ஒன்றற்கொன்று மாற்றத்தக்கவையாய் அமைந்தன. பத்துத் துப்பாக்கிகளைக் கழற்றிக் கலந்து மீண்டும் பத்தாகக் கூட்டலாம். தொடர்ந்து 1871இல் மாட்டினி-ஹென்றியும், 1888இல் லீ-மெற்போட்டும், 1895இல் லீ-என்பீல்டும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் குறுகிய லீ-என்பீல்டும் வந்தன. போர்க்களத்தில் இஃது அளவிறந்த நன்மை தந்தது. ஆனால் அந்நன்மைக்கு விலையும் இருந்தது. உறுப்பை இனி ஊரிற் செய்தலாகாது. எண்ணைக் குறித்து எழுதி, தொழிற்சாலை கிடங்கிலிருந்து வரவழைத்தல் வேண்டும். கிடங்கின் திறப்பு எவர் கையில் உண்டோ, துப்பாக்கியும் உண்மையில் அவர் கையிலேயே உண்டு.

சப்பிரகமுவாவின் தோட்டங்கள் இவ்வொழுங்கை நன்கறிந்தவை. கோப்பிப் பயிர் 1869இல் தோன்றிய இலைநோயால் அழிந்தபின் தேயிலையும், கேகாலை, இரத்தினபுரிச் சரிவுகளில் றப்பரும் பரவின. பெல்பாஸ்ற்று நகரின் ‘சிறொக்கோ’ தொழிற்சாலையிலிருந்து வந்த உலர்த்தும் பொறிக்குப் பல்லுறுப்பொன்று தேயுமாயின் விலைப்பட்டியலை விரித்து எண்ணைப் பார்த்து எழுதுதலே துரையின் வழக்கம். அவர் தோளிலேந்திய றைபிளும் அவ்வகையினதே. இலங்கைத் தோட்டத் துரைமார் றைபிள் படை 1900ஆம் ஆண்டிற் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பட்டது. அதில் ஐரோப்பியரே சேர்க்கப்பட்டனர். 1914இல் அப்படையினர் இருநூற்றுவர்க்கு மேற்பட்டோர் எகிப்துக்குச் சென்றனர். அவருட் சிலர் கலிப்போலிப் போரில் தளபதி பேட்வுட்டின் மெய்காவற் பணி புரிந்தனர்.

தேயிலைக்கு உகந்த வானிலை றைபிளுக்குப் பகையாகும். இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும். அக்காலத்துத் தோட்டாவின் வெடிமுனை எரிந்தபின் குழலினுள் ஓர் உப்பைப் படியவிடும். அவ்வுப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஓரிரவிலேயே துருவேற்றும். எண்ணெய் மட்டும் அதனை நீக்காது. கொதிநீரைக் குழல் வழியே ஊற்றிக் கழுவுதலே பிரித்தானியப் படைவீரர்க்குக் கற்பிக்கப்பட்ட முறை. மரக்கட்டையும் ஈரத்தாற் பருத்துக் குழலை நெருக்கும். அப்போது குறி தவறும். கல்கத்தாவை அடுத்த இச்சாப்பூர்த் தொழிற்சாலையிற் செய்யப்பட்ட றைபிள்களின் முன்கட்டையிற் குறுக்கே ஒரு திருகாணி கூடுதலாகச் செலுத்தப்பட்டிருப்பதைக் காணலாம். கட்டை பிளவாதிருத்தற் பொருட்டு இந்திய வானிலை கற்பித்த திருத்தம் அது. தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் உலையும் கடைசற் பொறியும் இருந்தன. அங்கு வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் ஒரு திருகாணியை எளிதிற் கடைந்திருப்பர். ஆயினும் அரசின் றைபிள் அவர் பட்டறைக்கு வருவதில்லை. அதனைச் செப்பனிடுதல் படையின் தனியுரிமை.

துப்பாக்கி இங்ஙனம் ஓரினத்தாரின் உடைமையாய் நின்றதன் விளைவு 1915இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மே மாத இறுதியிற் சிங்களவருக்கும் முசிலிங்களுக்குமிடையே எழுந்த கலகம் கண்டியிலிருந்து பரவிச் சப்பிரகமுவாவையும் பற்றியது. சூன் 2ஆம் நாள் படைத்துறைச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பஞ்சாபிப் படையினரோடு ஐரோப்பியத் தொண்டர்களும் றைபிளேந்தி ஊர்களிற் காவல் சுற்றினர். விசாரணையின்றிச் சுடப்பட்டோர் இருந்தனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் போர்க்காலக் கடலாபத்தைப் பொருட்படுத்தாது இலண்டன் சென்று முறையிட்டதும், 1916இல் அக்கலகத்தையும் படைத்துறைச் சட்டத்தையும் பற்றி நூலொன்று வெளியிட்டதும் யாவருமறிந்தவை. துப்பாக்கி வைத்திருத்தலை உரிமத்தின்கீழ்க் கொணர்ந்த சுடுபடைக் கட்டளைச் சட்டமும் அதே 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமேயாகும். தோட்டத் தொழிலாளரைப் பற்றி அச்சட்டம் தனியே ஒன்றுங் கூற வேண்டியிருக்கவில்லை. திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்து இலயங்களில் வாழ்ந்தோர்க்குத் துப்பாக்கி என்பது துரையின் வளமனைச் சுவரில் தொங்குவதொன்று. காட்டுப்பன்றி மரவள்ளியைத் தோண்டினாலுந் தகரத்தைத் தட்டியே துரத்தினர்.

தோட்டத் துரைமார் படை 1949இல், இலங்கை தன் படையைத் தானே அமைத்த ஆண்டிற் கலைக்கப்பட்டது. 1971 ஏப்பிரில் 5ஆம் நாட் கிளர்ந்த இளைஞர் கேகாலை மாவட்டத்தின் பல பகுதிகளைச் சில வாரங்கள் தம் கைப்படுத்தினர். அவரிடமிருந்தவற்றுட் பெரும்பான்மை வீடுகளிலிருந்து திரட்டிய வேட்டைத் துப்பாக்கிகளும் கையாற் செய்த குண்டுகளுமே. பழுதுற்றால் உறுப்பில்லை, தீர்ந்தால் தோட்டாவில்லை என்னும் நிலையில் அக்கிளர்ச்சியின் முடிவு வியப்பன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் காலம் அத்துடன் முடிந்தது.

அவர் தாங்கிய வகை றைபிள்களின் கதையோ முடியவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப்பின் பல நாட்டரசுகள் தம் கிடங்குகளிலிருந்த பழைய றைபிள்களை மலிவாக விற்றன. அவை பெரும்பாலும் அமெரிக்காவை அடைந்தன. அண்மையில், 2003இல், நேபாள அரசின் பழைய படைக்கலச் சாலையிலிருந்து ஆயிரக்கணக்கான மாட்டினி-ஹென்றிகளும் அவற்றினும் முதியனவும் அமெரிக்க வணிகரால் வாங்கப்பட்டன. இவற்றைச் சேர்ப்போர்க்கு உறுப்பு வேண்டும். என்பீல்ட் தொழிற்சாலையோ 1988இல் மூடப்பட்டது. எனவே உறுப்பு ஏலத்திற்கு வந்தது. ஏலம் இணையத்திற்கு வந்தது. ஈபே என்னும் நிறுவனம் 1999இல் துப்பாக்கி விற்பனையை விலக்கியது. அவ்வாண்டே துப்பாக்கிக்கெனத் தனி ஏலத்தளமொன்று தோன்றியது. 2007இல் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகமொன்றில் நிகழ்ந்த படுகொலைக்குப்பின், துப்பாக்கி கூட்டுதற்குதவும் உறுப்புக்களையும் ஈபே விலக்கிற்று. கட்டை, கச்சை, குறிபார்க்குந் தகடு முதலிய சில்லறைகளே அங்கு எஞ்சின.

இவ்வேலங்களில் விலை பெறுவது எது என்பதை நோக்குவோர் வியப்புறுவர். முதலாம் உலகப்போரின் நடுவே, 1916 அளவில், உற்பத்தியை விரைவுபடுத்தற்பொருட்டு லீ-என்பீல்டின் தோட்டாப் பேழையை மறிக்குந் தகடும், நெடுந்தொலைக் குறித்தகடும் வேண்டாதனவென நீக்கப்பட்டன. பழைய றைபிள்களிலிருந்தவையும் பழுதுபார்க்கையிற் கழற்றி எறியப்பட்டன. அன்று எறிந்த அத்தகடுகளே இன்று அரியனவாய் ஏலத்தில் ஏற்றம் பெறுகின்றன. எனவே போலிகளும் மலிந்தன. இரண்டாம் போர்க்கால அவுஸ்திரேலியக் கட்டைகளிற் சிலவற்றில் ‘சிலாஸ்’ என்னும் முத்திரை காணப்படும். அது ரெனிஸ் மட்டை செய்த சிலாசெஞ்சர் நிறுவனத்தின் குறியாகும். மட்டை செய்தோர் போர்க்காலத்தில் துப்பாக்கிக் கட்டையும் இழைத்தனர்.

ஆயினும் மாற்றத்தக்க உறுப்பு என்னுங் கொள்கை லீ-என்பீல்டில் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. அதன் பூட்டுத்தண்டு தன் றைபிளோடு ஒத்து அராவப்பட்டது. ஆகவேதான் இரண்டிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருக்கும். தோட்டாவின் அடிக்கும் தண்டின் முகப்புக்குமிடையேயுள்ள வெளி மயிரிழை மிகினுந் தோட்டா பிளந்து தீங்கு நேரலாம். இதனாலேயே நான்காம் இலக்க றைபிளுக்கு முகப்புக்கள் சுழி முதல் மூன்று வரை எண்ணிட்ட நான்களவிற் செய்யப்பட்டன. செப்பனிடுவோன் அளவுகோலிட்டுப் பார்த்து உரியதைத் தெரிவான். ஏலத்திற் படத்தை மட்டும் பார்த்து வாங்குவோனுக்கு அளவுகோலும் இல்லை, ஆசானும் இல்லை. தொழிற்சாலை ஒழுங்கின் உச்சமெனக் கருதப்பட்ட றைபிளுக்கும் இறுதியிற் கொல்லனின் கைப்பக்குவமே வேண்டியதாயிற்று.

உறுப்பு எது, துப்பாக்கி எது என்பதிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடுண்டு. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறிகளைத் தாங்கும் உடற்பகுதியே துப்பாக்கியாகும். குழலும் கட்டையும் வெறும் பொருள்கள். இங்கிலாந்திலோ வெடியின் அழுத்தத்தைத் தாங்கும் குழலுக்கும் பூட்டுக்கும் தனியே சான்று வேண்டும். இலங்கையிற் படைத்துறை அமைச்சின் இசைவின்றி எதனையும் வரவழைத்தலாகாது. ஆகவே அவ்வேலங்கள் சப்பிரகமுவாவாசிக்குக் காட்சியளவே.

கட்டளைச் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலவியும், இம்மாகாணத்து ஊர்களிற் கள்ளத்தனமாகத் துவக்குச் செய்வோர் இல்லாமற் போகவில்லை. இரும்புக் குழாயையும் பழைய வில்லையுங் கொண்டு செய்யும் அத்துவக்கைப் பன்றி வருந் தடத்திற் கட்டிவைப்பர். விடியற்காலையில் அவ்வழி செல்வோரின் கால்கள் அதற்கிரையாதலை மருத்துவமனைகள் அறியும். தந்தமிழைத்த பட்டறையின் எச்சம் இவ்வடிவில் நிற்கின்றது. இலண்டன் ஏலச்சாலைகளிலோ எப்போதாவது ஒரு பழைய சிங்களத் துவக்கு, பிளவுண்ட அடிக்கட்டையும் இடப்புறப் பொறியுமாக விலைக்கு வரும். அதன் குதிரை முறிந்திருந்தால் அதற்கு மாற்று எவ்வேலத்திலுங் கிடையாது. ஏனெனில் அத்துவக்கிற்கென்று ஒரே குதிரைதான் உலகிற் செய்யப்பட்டது.